உப்பு ஏறினால், ஓட்டம் குறைந்தால்: புது ரீஃப் தொட்டியில் எங்கே கை வைப்பது

சென்னையில் ரீஃப் தொட்டி, அதாவது மீனோடு பவளமும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கும் நண்பர்கள் நடுவில் எனக்கு 'ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்' என்று பெயர். தொட்டி வாங்கி மூன்று நான்கு மாதமான யாராவது ஒருவர் நான் காலை காபி குடிப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார். "உப்பு 38 காட்டுது, என்ன ஊத்தட்டும்?", "வேவ்மேக்கர் உறுமுது, புதுசு வாங்கிடவா?" என்றுதான் பேச்சு தொடங்கும். (வேவ்மேக்கர் என்பது தொட்டிக்குள் தண்ணீரை ஓடவைக்கும் சின்ன பம்ப்.)

பெரும்பாலும் எதையும் ஊற்ற வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கோளாறு ஐந்து நிமிட வேலையாகத்தான் இருக்கும். ஆனால் முந்தின ராத்திரியே பதற்றத்தில் அரை கிலோ உப்பையோ ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீரையோ கொட்டியிருந்தால், அப்புறம் நான் போய்ப் பார்ப்பது வேறு கோளாறு.

கீழே சொல்லும் கணக்கெல்லாம் 100 லிட்டர் தண்ணீருக்கு. கடைக்காரர் சொன்ன தொட்டி அளவு அல்ல; கல்லும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக மிச்சமிருக்கும் தண்ணீர். உங்களுடையது 50 லிட்டர் என்றால் எல்லாம் இரு மடங்கு வேகத்தில் நடக்கும். நம் இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது 35 பி.பி.டி.; அடர்த்தி காட்டும் கருவியில் 1.026. வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள். எந்தப் பக்கம் திருத்தினாலும் ஒரு நாளைக்கு 1 பி.பி.டி.க்கு மேல் நகர்த்தாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

## இரண்டு கருவி இரண்டு எண் காட்டுகிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உப்பு பற்றி எந்த அறிகுறியோடு வந்தாலும் முதல் சந்தேகம் கருவி மேல்தான் விழ வேண்டும்.

### முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்றால்

முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு குமிழி போதும், முள்ளைத் தூக்கிவிடும், எண் கூடுதலாகத் தெரியும். நிரப்பியதும் விரலால் இரண்டு தட்டு தட்டி, முள் நின்ற பிறகு படியுங்கள். பல நாள் கழுவாமல் முள்ளில் உப்பு காய்ந்திருந்தால் பாரம் கூடி எண் குறைவாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி வைப்பதுதான் வைத்தியம். எவ்வளவு அலசினாலும் இந்தக் கருவியை நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பார்க்க மட்டுமே நான் நம்புவேன்.

### ரிஃப்ராக்டோமீட்டர் என்றால்

ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி இது. எல்லாரும் செய்யும் தவறு, ஆர்.ஓ. தண்ணீரை விட்டு பூஜ்யத்துக்குத் திருகி, "சரிபார்த்தாச்சு" என்று நினைப்பது. பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் தப்பாக இருக்கலாம். 35 பி.பி.டி. அளவுத் திரவம் என்று சின்னக் குப்பியில் விற்பார்கள். அதை இரண்டு சொட்டு விட்டு, மூடியை மூடி, அரை நிமிடம் காத்திருந்து, கோடு 35-இல் வரும்வரை திருகுங்கள்.

இன்னொரு வில்லங்கம் உண்டு. விலை குறைவான பல ரிஃப்ராக்டோமீட்டர்கள் கடல்நீருக்கானவை அல்ல, சமையல் உப்புக் கரைசலுக்கானவை. அவற்றில் 35 பி.பி.டி. கடல்நீர் சுமார் 36.5 என்று தெரியும். அதை நம்பி நீங்கள் 35-க்குக் கொண்டுவந்தால் உண்மையில் தொட்டி 33.5-இல் நிற்கும். எனக்கு முதலில் விற்கப்பட்டது இந்த வகைதான். ஒன்றரை வருடம் தெரியாமலே ஓட்டினேன். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பவளங்கள் மட்டும் ஏனோ 'சுமாராக' இருந்தன. தூக்கிப் போட வேண்டியதில்லை, கடல்நீர்த் திரவத்தால் 35-இல் திருத்திவிட்டால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒழுங்காகவே வேலை செய்யும்.

திரவம் கிடைக்கும்வரை அவசரத்துக்கு ஒரு வழி: அயோடின் சேர்க்காத, நன்றாக உலர்ந்த தூள் உப்பு 36.5 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 963.5 கிராம். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. கடல்நீர் போலவே தெரியும். சமையலறைத் தராசு ஒன்றிரண்டு கிராம் பொய் சொல்லும் என்பதை மறக்காதீர்கள். இது கருவிக்கு மட்டும், தொட்டிக்கு அல்ல.

### மின்னணுப் பேனா என்றால்

முனையில் குமிழி சிக்கினால் எண் குறையும். கலக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் முனையை வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசி, அளவுத் திரவத்தில் திருத்துங்கள்.

மூன்றும் செய்தும் குழப்பம் தீரவில்லையா? ஒரு சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, நல்ல கருவி உள்ள நண்பரிடமோ கடையிலோ போய்ப் பாருங்கள். கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போகும்போது பையில் ஒரு பாட்டில் கூடப் போனால் கனக்காது. அதுவரை தொட்டியில் எதையும் சேர்க்காதீர்கள்.

## உப்பு ஏறிக்கொண்டே போகிறது

### தண்ணீர் மட்டமும் குறைந்திருந்தால்

ஆவியாதல், வேறொன்றும் இல்லை. தண்ணீர் போகும், உப்பு தங்கும். மே மாதத்தில் மேலே சின்ன மின்விசிறி வைத்து ஓட்டும் என் தொட்டியில் நாளைக்கு 2 லிட்டர் போகிறது. ஐந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 10 லிட்டர். 35-இல் இருந்தது 38.9-க்கு வந்திருக்கும்.

சம்ப், அதாவது மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் வடிந்து வரும் கீழ்த் தொட்டி, உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேல் தொட்டியின் மட்டம் குறையவே குறையாது. ஆவியாவதெல்லாம் கீழே, தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில்தான் தெரியும். மேல் தொட்டியைப் பார்த்துவிட்டு "தண்ணி குறையவே இல்லையே" என்று என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. அந்த அறையின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர், அவ்வளவுதான்.

ஏற்கெனவே 39-க்குப் போய்விட்டது என்றால் 10 லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். அன்றாடம் ஆவியாகும் 2 லிட்டரோடு கூடுதலாக இரண்டரை லிட்டர், நான்கு நாளைக்கு. சம்பில், தண்ணீர் ஓடும் இடத்தில், மெதுவாக.

### மட்டம் சரியாக இருந்தும் ஏறினால்

அப்படியானால் உப்பு எங்கிருந்தோ உள்ளே வருகிறது. விலை குறைந்த சந்தேகத்திலிருந்து தொடங்குவோம்.

டாப்-அப் வாளியில், அதாவது ஆவியானதை ஈடுகட்ட ஊற்றும் நல்ல தண்ணீர் வாளியில், யாராவது உப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தார்களா? சிரிக்காதீர்கள். ஒரே நிறத்தில் இரண்டு வாளி வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இது ஒரு நாள் நடக்கும். என் வீட்டில் நீல வாளி உப்புக்கு, வெள்ளை வாளி நல்ல தண்ணீருக்கு.

தண்ணீர் மாற்றும்போது புதிதாகக் கலக்கியதை அளந்தீர்களா? 'லிட்டருக்கு இவ்வளவு கிராம்' என்று பையில் எழுதியதை மட்டும் நம்பிக் கொட்டினால் எந்தப் பக்கமும் போகலாம்.

டாப்-அப் தண்ணீர் எது? போர்வெல் தண்ணீர் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராமில்) 1,500 என்று வையுங்கள். நாளைக்கு 2 லிட்டரில் 3 கிராம் உப்பு உள்ளே போகிறது. மாதத்துக்கு 90 கிராம். 100 லிட்டரில் அது 0.9 பி.பி.டி. உப்பு ஏறுவதை விடுங்கள், கூடவே வரும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் பாசியை வளர்க்கும்.

குடிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தையும் அளந்து பாருங்கள். சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' பல வீட்டு இயந்திரங்களில் இருக்கிறது. அதனால் குழாயில் 60, 80 என்று வரும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு அதை முழுக்க மூடச் சொல்லுங்கள், அல்லது தொட்டிக்கென்று, மிச்ச உப்பையும் பிடித்துவிடும் டி.ஐ. பிசின் குடுவையோடு தனி ஆர்.ஓ. வையுங்கள். பூஜ்யம் வர வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் வேண்டாம். அது செம்புக் குழாயைத் தொட்டு வருவது. செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும்.

இவ்வளவும் சரியாக இருந்து இப்போது 38 என்றால், நாளைக்கு இரண்டரை லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டரை லிட்டர் ஆர்.ஓ. ஊற்றுங்கள். ஒரு தடவைக்கு 1 பி.பி.டி.க்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். மூன்று நாளில் இடத்துக்கு வரும்.

"செங்கடலில் 40 இருக்கிறதே, அங்கே பவளம் வாழவில்லையா?" என்று கேட்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். வாழ்கிறது, காலங்காலமாகப் பழகி. உங்கள் பவளம் ஒரே வாரத்தில் பழகாது.

## உப்பு இறங்கிக்கொண்டே போகிறது

ஏறுவதைவிட இதைத்தான் நான் பயத்தோடு பார்ப்பேன். ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம். இறங்குவதற்குப் பின்னால் சில நேரம் தரை நனைந்துகொண்டிருக்கும்.

### ஒரே ராத்திரியில் இறங்கியிருந்தால்

ஆட்டோ டாப்-அப்பை, அதாவது மட்டம் குறைந்தால் மிதவை சொல்லி வாளியிலிருந்து தானாக நல்ல தண்ணீர் விடும் பம்பை, பாருங்கள். மிதவை மேலேயும் கீழேயும் தடையில்லாமல் நகர்கிறதா? உப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், நத்தை மேலேறி உட்காரும். என் தொட்டியில் ஒரு நத்தை அப்படி உட்கார்ந்து, விடிவதற்குள் 12 லிட்டர் ஆர்.ஓ. உள்ளே போய்விட்டது. 35 இருந்தது 31. அதைப் பார்த்ததும் நான் செய்த முட்டாள்தனம், அரை கிலோ உப்பை சம்பில் நேராகக் கொட்டியது. கரையாத உப்பு பவளத்தின் மேல் போய் உட்கார்ந்த இடமெல்லாம் வெந்ததுபோல் ஆகிவிட்டது. நத்தை செய்த கெடுதலைவிட நான் செய்தது அதிகம்.

இப்போது செய்வது: கூடுதலாக வந்த தண்ணீரை எடுத்துவிடுவேன். அப்புறம் அன்றாடம் ஆவியாகும் 2 லிட்டருக்குப் பதில் நல்ல தண்ணீர் அல்ல, 35-இல் கலக்கிய உப்புத் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு நாளைக்கு 70 கிராம் உப்பு, அதாவது 0.7 பி.பி.டி. ஐந்தாறு நாளில் 31-லிருந்து 35. தனியாக ஒரு வேலையும் இல்லை, பவளத்துக்கும் தெரியாது.

மிதவை நன்றாக இருந்தால் குழாயின் நுனியைப் பாருங்கள். டாப்-அப் குழாயின் முனை சம்ப் தண்ணீருக்குள் முங்கியிருந்தால், பம்ப் நின்ற பிறகும் உயரமான வாளியிலிருந்து தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். முனை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். டாப்-அப் வாளியைச் சின்னதாக வைப்பதும் நல்லது. 5 லிட்டர் வாளி முழுதும் கொட்டினாலும் தொட்டி தாங்கும். 25 லிட்டர் கேனைத் தாங்காது.

### வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால்

முதலில் ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) கோப்பை. கெட்டியான கறுப்புக் கஷாயம் போல் வர வேண்டியது, வெளிறிய டீத்தண்ணீர் போல் தினம் ஒரு லிட்டர் நிரம்புகிறதா? அது உப்புத் தண்ணீர். நீங்கள் அதைக் கொட்டிவிட்டு அந்த இடத்தை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புகிறீர்கள். நாளைக்கு 35 கிராம் உப்பு சாக்கடைக்குப் போகிறது, பத்து நாளில் 3 பி.பி.டி.க்கு மேல். ஸ்கிம்மரின் மட்டத்தைக் குறைத்தால் தீரும்.

அடுத்தது புது உப்புத் தண்ணீர். நம் ஊர்க் காற்றில் உப்புப் பை ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். அந்த ஈரத்துக்கும் எடை உண்டு. அதே கிராம் போட்டாலும் உப்பு குறையும். எடையைப் பார்க்காதீர்கள், கலக்கி அளந்து பாருங்கள். கடற்கரையில் பிடித்துவந்த தண்ணீரைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடல் கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்துவிடும். கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பது வேறு. நான் அந்த மாதங்களில் கடல் தண்ணீரைத் தொடுவதில்லை.

கடைசியாக, கசிவு. ஆட்டோ டாப்-அப் வைத்திருந்தால் கசிவை அது மறைத்துவிடும். போன உப்புத் தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர் வந்து மட்டம் சரியாகவே தெரியும். டாப்-அப் வாளி வழக்கத்தைவிட வேகமாகக் காலியாகிறது என்றால் அன்றைக்கே தொட்டியைச் சுற்றிச் செய்தித்தாள் விரியுங்கள். காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி மூட்டில், குழாய் இணைப்பில் வெள்ளையாக உப்புப் பூத்த கோடு தெரிகிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

குழாய் இணைப்பு என்றால் திருகி இறுக்கலாம், வாஷர் மாற்றலாம். கண்ணாடி மூட்டு என்றால் உங்கள் வேலை அங்கே முடிந்தது. நிரம்பிய தொட்டிக்கு வெளியிலிருந்து சிலிக்கோன் பூசுவது நிற்காது. மீனையும் பவளத்தையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் அதே தண்ணீரோடு, ஒரு பம்போடு மாற்றிவிட்டு, தொட்டி கட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

## புதிதாகக் கலக்கிய தண்ணீர் பால்போல் இருக்கிறது

உப்பைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். எப்போதும் தண்ணீர் முதலில், உப்பு பிறகு, பம்ப் ஓட ஓடக் கை கையாக. சில மணி நேரத்தில் தெளிந்தால் சரி. அடியில் வெள்ளை மாவு தங்கி நின்றுவிட்டால் அது கால்சியம் பிரிந்து உறைந்தது, மறுபடி கரையாது, கொட்டிவிடுங்கள். சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் ஊற்றினாலும் இதே கதி.

## ஓட்டம் குறைந்துவிட்டது

முதலில் குறைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கண் பழகிவிடும், மூன்று மாதத்தில் மெல்ல மெல்லக் குறைந்ததைக் கண் சொல்லாது. ரிட்டர்ன் குழாய் வாயை ஒரு வாளியில் விட்டு நேரம் பாருங்கள். 10 லிட்டர் நிரம்ப ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 600 லிட்டர். பம்ப் புதிதாக இருக்கும்போதே இதை ஒரு தடவை எடுத்து எழுதி வைத்திருந்தால் இப்போது உதவும். பெட்டியில் எழுதியிருக்கும் 2,000 லிட்டரோடு ஒப்பிடாதீர்கள். அது உயரமே ஏற்றாமல் எடுத்த கணக்கு. ஒன்றரை மீட்டர் ஏற்றினால் பாதிகூட வராது சில பம்புகளில்.

வேவ்மேக்கருக்கு வாளிக் கணக்கு ஒத்துவராது. ஒரு சிட்டிகை உணவைத் தூவி, அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

### பம்ப் ஓடுகிறது, தள்ளுவது குறைவு

பஞ்சு. முன்வடிகட்டிப் பஞ்சு அடைத்திருக்கும். பிழிந்து பாருங்கள். பாதிக் கேஸ் இங்கேயே முடியும். பஞ்சு சரியென்றால் வேவ்மேக்கரின் கூண்டில் பாசியோ, மிதந்து வந்த இலையோ, பாவம் ஒரு நத்தையோ இருக்கும்.

அதுவும் இல்லை என்றால் சுண்ணாம்பு. உள்ளே இருக்கும் இம்பெல்லரிலும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை) அது உட்காரும் குழியிலும் வெள்ளையாக, கரடுமுரடாகப் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள். (அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும்.) கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். வினிகர் இல்லையா, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. பழைய பல் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இதைச் செய்தால் பம்ப் பல வருடம் வரும்.

பம்பின் மேல் ஸோவாந்தஸ் வளர்ந்திருந்தால் மட்டும் ஜாக்கிரதை. அந்தப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முதலில் அவற்றைத் தண்ணீருக்குள்ளேயே பிரித்து எடுங்கள். காய்ந்த பல் தூரிகையால் சுரண்டாதீர்கள், பீய்ச்சியடிக்காதீர்கள், வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஆவியோடு நஞ்சு மூச்சில் போகும்.

### பம்ப் உறுமுகிறது, சுற்றவில்லை

இம்பெல்லரின் அச்சு உடைந்திருக்கலாம். பீங்கான் அச்சு என்பதால் கழற்றும்போது கை நழுவினாலே போய்விடும். அச்சும் இம்பெல்லரும் தனியாகக் கிடைக்கும் பம்பா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அதற்குத்தான் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவது.

மின்வெட்டு நேரத்தில் மட்டும் உறுமுகிறதா? அப்படியானால் பம்பில் கோளாறு இல்லை, உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. அதில் சாதாரண ஏ.சி. பம்ப் உறுமும், சூடாகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். அல்லது ஒரு வேவ்மேக்கரையாவது பேட்டரியில் ஓடும் டி.சி. வகையாக வையுங்கள்.

எல்லாம் சுத்தம், அச்சும் நன்றாக இருக்கிறது, தொட்டால் கை சுடுகிறது என்றால் சுருள் போய்விட்டது. தண்ணீருக்குள் இருக்கும் பம்பைப் பிரித்துச் சுருள் கட்டுவது யாருக்கும் வேண்டாத வேலை. புதிது வாங்குங்கள்.

### சத்தமும் பொடிக் குமிழிகளும்

ரிட்டர்ன் அறையில் தண்ணீர் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. கோடு வரை நிரப்புங்கள். இதுவும் ஆவியாதல்தான், வேறு வேஷத்தில். நிரப்பியும் குமிழி வந்தால் இணைப்புகளில் எங்கோ காற்று நுழைகிறது. ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், எதை அழுத்தும்போது நிற்கிறதோ அது.

## ஓட்டம் இருக்கிறது, பவளம் விரியவில்லை

புதிதாகத் தொடங்குபவரிடம் மென்பவளங்கள்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். கல் பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருப்பவை. யாராவது ரகசியமாகக் காட்டி விலை சொன்னாலும் நடையைக் கட்டுங்கள். மென்பவளத் தொட்டிக்கு மணிக்குத் தண்ணீர் அளவைப்போல் 10 முதல் 20 மடங்கு ஓட்டம் போதும். 100 லிட்டருக்கு 1,000 முதல் 2,000 லிட்டர்.

ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருந்தால் வேவ்மேக்கர் நேராக அடிக்கிறது. பவளத்தை நகர்த்தாதீர்கள், பம்பைத் திருப்புங்கள். எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பி வரும் ஓட்டம்தான் அவற்றுக்குப் பிடிக்கும். காளான் பவளம் ஓட்டம் தாங்காமல் கல்லை விட்டுக் கழன்று மிதந்தே போய்விடும். அதற்குக் கீழே, மூலை.

தோல் பவளம் மெழுகு பூசியதுபோல் பளபளத்து, மொட்டெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டால் பதறாதீர்கள். அது தோலுரிக்கிறது. சில நாள், சில நேரம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அந்தச் சவ்வு கழன்று போக ஓட்டம் கொஞ்சம் கூட வேண்டும். இதைச் செத்துவிட்டது என்று எடுத்துத் தூக்கிப் போட்டவரை எனக்குத் தெரியும். அவர் இப்போதும் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

எல்லாமே ஒரே நாளில் மூடிக்கொண்டால் அது ஓட்டம் அல்ல. உப்பை அளந்து பாருங்கள், வெப்பத்தைப் பாருங்கள். மேலே உள்ள பகுதிகளுக்குத் திரும்புங்கள்.

மணலில், கல் இடுக்கில் சிவப்புப் பாய் விரிந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு, ஓட்டத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஒரு வாரம் உணவைப் பாதியாக்குங்கள். ஓட்டம் மட்டும் தீர்க்காது, ஆனால் ஓட்டம் இல்லாமலும் தீராது.

மணல் பறந்து குழி விழுந்தால் வேவ்மேக்கரை நான்கு விரல் மேலே ஏற்றுங்கள். தண்ணீரின் மேல்பரப்பு சிலிர்த்துக்கொண்டே இருக்கும் உயரம்தான் சரியான உயரம். மீனுக்கு மூச்சும் அங்கிருந்துதான் கிடைக்கிறது.

## கரண்ட் போனால் சம்ப் வழிகிறது

ரிட்டர்ன் குழாயின் வாய் மேல் தொட்டியில் ஆழமாக முங்கியிருக்கிறது. பம்ப் நின்றதும் அந்த ஆழம் வரை தண்ணீர் திரும்பி இறங்கும். வாயை மட்டத்துக்குப் பக்கத்தில் உயர்த்துங்கள். குழாயில், மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டால் அதில் காற்று நுழைந்து இறக்கத்தை நிறுத்திவிடும். ஏற்கெனவே ஓட்டை இருந்தும் வழிகிறது என்றால் பாசி அடைத்திருக்கும், பல் குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம். அதிலும் சுண்ணாம்பு படியும்.

நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். சம்ப் நிரம்பும் உயரத்தில் இரண்டாவது கோடு போடுங்கள். கரண்ட் இருக்கும்போது முதல் கோட்டுக்கு மேல் ஒரு போதும் நிரப்பாதீர்கள். வழிந்ததும் உப்புத் தண்ணீர்தான். அந்த இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்பினால் 'உப்பு இறங்குகிறது' பகுதிக்குப் போய்விடுவீர்கள்.

நீண்ட மின்வெட்டில் முதல் பிரச்சினை மூச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் காற்றுப் பம்ப்தான் என் தொட்டியைக் காப்பாற்றியது. அது தீர்ந்தபோது குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், வீட்டில் முறை வைத்து. உணவு போடாதீர்கள். கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய குடுவை வடிகட்டி) இருந்தால் கரண்ட் வந்ததும் அப்படியே போட்டுவிடாதீர்கள். பல மணி நேரம் உள்ளே கெட்டுக் கிடந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசி, பிறகு ஓட்டுங்கள்.

## தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது

இதில் எளிய காரணம், விலை கூடிய காரணம் என்ற வரிசையெல்லாம் இல்லை. கையை எடுங்கள். தொட்டியைத் தொடாமல் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அப்புறம் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள்.

வயர்களைக் கண்ணால் மட்டும் பாருங்கள்: விரிசல், கறுத்த இடம், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பூத்த உப்பு. வயர் தொட்டியிலிருந்து நேராகச் சாக்கெட்டுக்குப் போனால் உப்புத் தண்ணீர் அதன் வழியே வழிந்து உள்ளே இறங்கும். சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறும்படி கட்டினால் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஹீட்டர் இருந்தால் முதல் குற்றவாளி அதுதான், அடுத்தது பழைய பம்ப்.

எந்தக் கருவி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க முயல வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தொட்டி இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா, எர்த் உயிரோடு இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைக் கழற்றி நேராக இணைத்துத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். அவர் வரும்வரை மீனுக்குப் பேட்டரிப் பம்ப் போதும்.